ஒரு யூனிட் எங்கே போகிறது?

1

டப்.

இந்தக் கதை அந்தச் சத்தத்தில்தான் பிறந்தது. ஒரு மனிதரைப் பார்த்தேன், அவர் என் மனத்தில் ஊறினார், பிறகு எழுதினேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வாரப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவள் நான். எதுவும் ஊறுவதற்கு எனக்கு நேரம் கிடையாது.

ஆசிரியர் போனில் கேட்டது கதையே இல்லை. "மழைக்காலத்துல துணி காயவைக்கிறது, கரன்ட் பில்லைக் குறைக்கிறது. ரெண்டையும் சேர்த்துப் பத்து டிப்ஸ். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்." மூன்றாவது குறிப்பை அடித்துக்கொண்டிருந்தபோது டப். மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டர் இருண்டது. அடித்த பாதிக் குறிப்பும் போயிற்று.

மாடியிலிருந்து இறங்கிப் பார்த்தேன். வீட்டுக்காரர் பரமசிவம் மெயின் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார்.

"கரன்ட் போயிடுச்சா சார்?"

"போகல. நான்தான் நிறுத்தினேன். லீக் தேடறேன்."

தொலைந்துபோன மூன்றாவது குறிப்பு இது: ஈரத் துணியை அயர்ன் பாக்ஸால் தேய்த்துக் காயவைக்காதீர்கள், அதைப்போல வீண் செலவு வேறில்லை. அதை நான் மறுபடி அடிக்கவே இல்லை. ஏன் என்பதுதான் கதை. அல்லது அப்படித்தான் நினைத்து எழுத ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: "வடக்குத்து ஊருக்கு மேல் கருமேகங்கள் திரண்டு—" வேண்டாம். மேகத்தில் நான் தொடங்கிய தொடர்கள் எதுவும் எட்டாவது வாரத்தைத் தாண்டியதில்லை.

இரண்டாவது: "பரமசிவம் பொய் பேசாத—" இதுவும் வேண்டாம். அவர் பேசுகிறார்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: பரமசிவம் முப்பத்துநான்கு வருடம் மின்சாரம் உற்பத்தி செய்தவர். அதை முதல்முறையாக விலை கொடுத்து வாங்கியபோது அவருக்கு வயது அறுபது.

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட் வேலை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தவரை கரன்ட்டுக்குச் சம்பளத்தில் ஏதோ பேருக்குப் பிடித்தார்கள். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டி வந்தார். கீழே அவரும் மனைவி கமலாவும். மாடியில் நான் வாடகைக்கு. எனக்கென்று ஒரு சப்-மீட்டர் உண்டு. ஆனால் வீட்டுக்கு மெயின் மீட்டர் ஒன்றுதான்.

முதல் பில் வந்த அன்று அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட் ஒரு கோடு. அதைத் தாண்டினால் கோட்டுக்குக் கீழே ஓடிய யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறும். கோடை முழுக்க நானூற்று எழுபதில் நின்ற வீடு, மழை பிடித்ததும் ஐந்நூற்று இருபதுக்குப் போய்விட்டது. ஏசி ஓடாத மாதத்தில்!

"மேல ஓடறது கணக்குல வந்துடுதும்மா," என்றார் என்னிடம். நான் கேட்கவே இல்லை. "கீழதான் நாளுக்கு ஒரு யூனிட் எங்கேயோ போகுது."

(என் மீது சந்தேகம் இல்லை என்று சொல்கிறாரா, இருக்கிறது என்று சொல்கிறாரா என்று அன்று எனக்குப் புரியவில்லை. இன்றும் புரியவில்லை.)

3

இங்கே அவர் பேசியதைக் கொஞ்சம் விளக்கமாகத் தருகிறேன். பின்னால் தேவைப்படும். தொடர்கதையில் இப்படி முன்கூட்டிச் சொல்லக் கூடாது, ஆனால் இது தொடர்கதை இல்லையே.

"வீடுன்னா கொஞ்சம் முன்னே பின்னே ஆகும் சார்," என்றேன்.

"பிளான்ட்ல அப்படிச் சொன்னா மெமோ குடுப்பாங்க. உற்பத்தி பண்ற கரன்ட்ல கொஞ்சத்தை பிளான்ட்டே சாப்பிடும். பம்பு ஓடணும், ஃபேன் ஓடணும், கன்வேயர் ஓடணும். அது ஓடலைன்னா பிளான்ட்டே நின்னுடும். அதை நஷ்டம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆக்ஸிலரின்னு அதுக்குத் தனிப் பேரு. அது போக, கணக்குல வராம போறது எல்லாம் லீக்."

சமையலறையிலிருந்து கமலாவின் குரல் வந்தது. அவருக்குச் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். முப்பத்துநான்கு வருட டவுன்ஷிப் வாழ்க்கை அவர் பேச்சைத் தொடக்கூட இல்லை.

"வூட்ட பிளான்ட்டுன்னே நெனச்சிக்கினு இருக்காரும்மா. எனக்கும் ஒரு நம்பர் பிளேட்டு அடிச்சி முதுவுல மாட்டுங்க!"

"மாட்டினா மட்டும் சொன்ன பேச்சு கேப்பியா? வெயில் அடிக்கிற அன்னிக்குத் துணியை வெயில்ல போடு. சூரியன் பில்லு அனுப்பறதில்ல." (பழைய குறிப்பு 1-ஐ எடுத்துவிட்டு இதைப் போட்டேன்.)

அன்று அவர் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டும் நிறுத்தியும் மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். அதிகம் இழுத்தால் அது வேகமாகக் கண் சிமிட்டும். ஹால், சமையலறை, போர் மோட்டார், ஃப்ரிட்ஜ். பின்னறைக்கு வந்ததும், "அங்க பழைய சாமான்தான் கிடக்கு," என்று மெயின் பெட்டியை மூடிவிட்டார்.

4

கமலா அக்காவைப் பற்றி எழுதும் இடம் வந்துவிட்டது. இதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பிற்பகல், மூன்று மணி இருக்கும். மழை. கறிவேப்பிலை கேட்கக் கீழே போனேன். பரமசிவம் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே புகை மாதிரி ஆவி. கமலா அக்கா ஓர் ஈரச் சட்டையை அயர்ன் பாக்ஸால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டேபிள் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. சட்டையின் முதுகில் பெரிய எழுத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் பெயர். (பெயரை முதலில் மாற்றி எழுதினேன், பிறகு எடுத்தேவிட்டேன்.)

ரிட்டயர் ஆன நான்காம் மாதம், மழை தொடங்கும் நேரத்தில், பரமசிவம் தெருவுக்கெல்லாம் ஒன்று சொல்லியிருந்தார். மனைவிக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்: "மறுபடி கூப்பிட்டிருக்காங்க. புதுசா வந்த இன்ஜினியருங்களுக்கு ஆலோசகர்." தினமும் காலை ஐந்தரைக்கு வெள்ளைச் சட்டையில், ஸ்கூட்டரில், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நேரத்துக்குப் போவார். இரண்டரைக்கு வருவார். தெருவில் எல்லோரும் "சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

ஆலோசகருக்கு முதுகில் பெயர் அச்சடித்த சட்டை தருவதில்லை. அது கான்ட்ராக்ட் ஆளுக்கு.

"ஸ்கூட்டர் பொட்டியில வெச்சிக்கினு போறாரும்மா," என்றார் கமலா, அயர்ன் பாக்ஸை நிறுத்தாமல். "அங்க போயி மாத்திக்கிறாரு. வந்ததும் துன்னுட்டு ஒரு தூக்கம் போடுவாரு. அதுக்குள்ள எடுத்து அலசி, காயவெச்சி, மடிச்சி, திரும்ப பொட்டியில வெச்சிடுவன்."

"கொடியில போடலாமே?"

"எதிர் வூட்டு தனம் இருக்காளே. கொடியப் பாத்தே எந்த வூட்ல யாரு வந்திருக்காங்க, யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுவா. அவ ஒருத்தி படிச்சா தெருவே படிச்சாப்ல."

"உங்களுக்குத் தெரியும்னு சாருக்கு?"

"தெரியாது."

"அக்கா, அழுக்கா வச்ச சட்டை சலவையா வருதே, அது கூடவா...?"

கமலா அக்கா சிரித்தார். "ஆம்பளைங்களுக்குச் சட்ட தானா வெளுத்துக்கும்மா. முப்பத்திநாலு வருசமா அவரு அப்படித்தான நெனச்சிக்கினு இருக்காரு."

பிறகு அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். "பர்மனென்ட்டா இருந்தப்ப ஒரு நாள் அழுக்குச் சட்டையில டூட்டிக்கு அனுப்புனதில்ல. கான்ட்ராக்ட்டுன்னா அனுப்பிடுவனா?"

5

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. நீங்களும் கூட வாருங்கள்.

பில் கட்டுப்படியாகவில்லை என்று அவர் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார். போவதால் சட்டை அழுக்காகிறது. அந்தச் சட்டையைக் காயவைப்பதால் பில் ஏறுகிறது. ஏறுவதால் அவர் வேலையை விட முடிவதில்லை. மழை விட்டாலும் இது நிற்காது, ஏனென்றால் பிரச்சினை மழை இல்லை, தனம்.

தனத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால்? எடுத்துப் பார்த்தேன். சட்டை கொடியில் ஏறியது. யூனிட் குறைந்தது. ஆனால் அந்தக் கொடிக்குக் கீழேதான் பரமசிவம் ஸ்கூட்டரை நிறுத்துகிறார்; மனைவிக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஆக, தனத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அவள் மீது தப்பு இல்லை.

இன்னொரு சந்தேகம் பரமசிவத்தைப் பற்றி. நாளுக்கு ஒரு யூனிட்டைக் கண்டுபிடிக்கிறவர், பெட்டியில் கசக்கி வைத்த சட்டை மடிப்புக் கலையாமல் இருப்பதைக் கண்டுபிடிக்க மாட்டாரா? ஆசிரியர் இதைத்தான் முதலில் கேட்பார். "நம்பற மாதிரி இல்லையேம்மா." அவருக்குத் தெரியாது என்றால் அவர் மக்கு. தெரியும் என்றால் எதற்காக டார்ச்சோடு லீக் தேட வேண்டும்?

குறிப்பு 4: இரவில் துணியை ஜன்னல் ஓரம் இடைவெளி விட்டுப் போடவும்.
குறிப்பு 5: பிழியும்போது ஒரு காய்ந்த துண்டோடு சேர்த்து முறுக்கிப் பிழிந்தால் பாதி ஈரம் போய்விடும்.*

* இதைக் கமலா அக்காவுக்குச் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதா? துண்டு ஈரமாவுமே, அத எங்க காயவெக்கிறது?" என்றார். அந்தக் குறிப்பை நீக்கிவிட்டு வேறொன்று போட்டேன்.

6

ராஜ்மோகன் வருகிறார். கடைசி ஆள் இவர்தான், இனி யாரும் இல்லை.

பரமசிவத்திடம் வேலை கற்றவர். இன்னும் சர்வீஸில் இருக்கிறார், இப்போது நெய்வேலியிலேயே வேறொரு அனல்மின் நிலையத்தில்; டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். "அண்ணன் மறுபடி ஆலோசகரா போறாரு" என்று பெருமையாகச் சொல்லித் திரிகிறவர். டீக்கடையில் யாரோ பில் பேச்சை எடுக்க, பரமசிவம் லீக் கதையைச் சொல்லிவிட்டார். "கிளாம்ப் மீட்டர் என்கிட்ட இருக்குண்ணே. ஒயரைச் சுத்தி ஒரு பிடி பிடிச்சா எந்த ரூம் எவ்வளவு இழுக்குதுன்னு சொல்லிடும். ஞாயித்துக்கிழமை வரேன்," என்றார் ராஜ்மோகன். நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை பரமசிவத்துக்கு லீவு. துவைக்கச் சட்டை இருக்காது. பின்னறையில் ஒன்றும் ஓடாது. கமலா அக்கா நிம்மதியாக இருந்தார்.

ராஜ்மோகன் வியாழக்கிழமையே வந்துவிட்டார். மூன்றே கால் மணிக்கு.

7

நான் மாடிப்படியில் நின்றேன். பரமசிவம் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

"அண்ணி இல்லையா? பரவால்ல, அண்ணன் தூங்கட்டும், நானே பார்த்துக்கறேன்," என்று ராஜ்மோகன் மழைக் கோட்டைக் கழற்றினார். "குவார்ட்டர்ஸ்ல இருக்கறவரை ஃபேனுக்கு ஸ்விட்ச்னு ஒண்ணு இருக்கறதே நமக்குத் தெரியாதும்மா. இப்ப அண்ணனைப் பாருங்க, யூனிட் எண்ணுறாரு!"

மீட்டரைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். சிவப்பு விளக்கு படபடவென்று அடித்தது.

"யாரும் எதையும் போடல. இது என்ன இந்த இழு இழுக்குது?"

"மேல என் அயர்ன் பாக்ஸா இருக்கும்," என்றேன். பொய் எழுதியே பிழைக்கிறவள். ஆனாலும் வாயால் சொல்லும்போது அது எடுபடவில்லை.

"மேல லைன் வேறம்மா." கிளாம்ப் மீட்டரின் வாயைத் திறந்து ஒவ்வொரு ஒயராகக் கவ்வவைத்தார். மூன்றாவது ஒயரில் எண் ஏறியது. "பின்னறை."

நடந்தார். பன்னிரண்டு அடி இருக்கும். மூன்று முடிவுகள் எழுத அது போதும்.

(அ) கதவு திறக்கிறது. ராஜ்மோகன் சட்டையின் முதுகைப் படிக்கிறார். அடுத்த நாள் டீக்கடையில் யாரும் எழுந்து இடம் தரவில்லை. அந்த வயதில், அந்த ஒரு பெஞ்ச்.

(ஆ) கமலா அக்கா சட்டென்று அயர்ன் பாக்ஸை அணைக்கிறார், எண் விழுகிறது, "நின்னு நின்னு வர லீக்" என்று ராஜ்மோகன் சுவரை உடைக்கச் சொல்கிறார். இதைச் சிரிப்புக் கதையாக முடிக்கலாம். ஆனால் கமலா அக்கா சிரிக்க மாட்டார்.

(இ) நான் ஓடிப்போய்க் கதவின் முன் நிற்கிறேன். என் வாசகர்களுக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் நான் படியைவிட்டு நகரவில்லை.

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதிலும் நிச்சயம் இல்லை. ஏனென்றால் மூன்றையும் எழுதி முடித்த பிறகும் என் கையில் ஒரு வரி மிச்சம் இருக்கிறது. அன்று நான் காதால் கேட்டது. அதை எந்த முடிவிலும் பொருத்த முடியவில்லை. தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். பின்னறைக்கு வந்ததும் பரமசிவம் மெயின் பெட்டியை மூடிய இடத்தில் நின்றுவிட்டேன். அங்கிருந்து குழப்பம் இன்னும் அதிகமாகிறது. அவருக்கு எப்போதிலிருந்து தெரியும்? அப்படியென்றால் லீக் தேடியது யாருக்காக? கமலா அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் இதைக் கேட்டாரா?

பத்திரிகைக்கு ஒன்பது குறிப்புகள்தான் அனுப்பினேன்.

ராஜ்மோகன் கதவில் கை வைத்தார். உள்ளே டேபிள் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. படுக்கையறை வாசலில் பரமசிவம் லுங்கியை இறுக்கிக்கொண்டு நின்றார். எப்போது எழுந்தார், தூங்கினாரா என்பதே தெரியவில்லை.

"கையை எடு ராஜ்மோகன். அது லீக் இல்ல, ஆக்ஸிலரி."