பிளாஸ்திரிக்கு அடியில் ஒரு வரி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்செட் இந்த நிமிஷமே கழன்று விழட்டும்.

என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்தார். நர்ஸ் ஆக வேண்டுமென்று மருந்தளவுக் கணக்குத் தேர்வை இரண்டு முறை எழுதிக் கோட்டைவிட்டார். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் ஆயுசுக்கும் படுக்கை விரிக்கும் வேலைதான்.

புத்தகத்தில் செய்துகாட்டியிருந்த அறுபது கணக்கும் அண்ணிக்குத் தலைகீழ்ப் பாடம். அறுநூறு மில்லி சலைன், ஐந்து மணி நேரம், மில்லிக்கு இருபது சொட்டு, நிமிஷத்துக்கு நாற்பது. நான் ஐந்தைப் பத்தாக மாற்றிக் கேட்டேன். அதற்கும் நாற்பது என்றார். நோயாளி பாவம்.

அதே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த நான், ஒவ்வொரு கணக்கிலும் ஒரு வரியின்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். அடியில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று சொன்ன பிறகே பிரிக்கலாம்.

“உனக்கு வேற வேலை இல்லையா தம்பி? விடைதான் கீழயே இருக்கே.”

“இருக்கட்டும் அண்ணி. அஞ்சை எதுக்கு அறுபதால பெருக்கினாங்க?”

அரை மணி நேரம் என்னை முறைத்தார். பிறகு, “நிமிஷத்துக்கு எத்தனை சொட்டுன்னுல்ல கேக்குறான். மணியை நிமிஷமாக்காம எப்படி வகுக்குறது?” என்றவர், பத்து மணி நேரமென்றால் இருபதுதான் என்று தானே சொன்னார்.

மறுநாள் இரண்டு வரிக்கு ஒட்டினேன், அதற்கு மறுநாள் மூன்று. ஒரு மாதத்தில் கேள்வி மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பிளாஸ்திரி தீர்ந்துபோய், காயம்பட்டு வந்தவர்களுக்கு ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பினோம். வீட்டில் அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லப்போவதையும் அதன் காரணத்தையும் அண்ணியே சொல்லிவிடுவார். பதினொரு நாள் அண்ணனின் தொண்டைக்குப் பூரண ஓய்வு.

தேர்வன்று சலைன் கணக்கில் மில்லிக்கு எத்தனை சொட்டு என்பதை அச்சகத்தார் விட்டுவிட்டார்கள். மண்டபமே பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தது. அண்ணி மட்டும் எழுதினார்: விடுபட்டது எது, அது இல்லாமல் ஏன் நகர முடியாது, பதினைந்து சொட்டென்றால் என்ன விடை, இருபதென்றால் என்ன, அறுபதென்றால் என்ன.

நூற்றுக்கு நூற்றுநான்கு போட்டார்கள்; அந்த நான்கு, கேள்வியைத் திருத்தியதற்கு. வெள்ளைச் சீருடையில் அவர் வார்டுக்குள் நுழைந்தபோது முப்பத்தாறு நோயாளிகளும் கைதட்டினார்கள். மயக்க மருந்தில் கிடந்தவர்கூட எழுந்து இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி மயங்கினார். அண்ணி யாருக்கும் தலையாட்டவில்லை. நேராக முதல் கட்டிலுக்குப் போய், கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணி, சலைன் குழாயின் திருகைக் கால் சுற்று திருப்பினார்.

என் பெற்றோருக்கு நான்தான் மூத்த பிள்ளை. எனக்குப் பின்னால் நான்கு தங்கைகள்.