காப்பியடித்த மாத்திரை

குருமூர்த்தியிடம் சக்கரபாணியின் பெயரைச் சொன்னால் போதும், வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திட்ட ஆரம்பிப்பார். காரணம் ஒரு யானை உண்டியல். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவர்களில், தும்பிக்கை தூக்கிய யானையை முதலில் சூளையில் வைத்தவர் குருமூர்த்திதான். சக்கைப்போடு போட்டது. அடுத்த பட்டறை சக்கரபாணி அந்தப் பொம்மையிலிருந்தே அச்சு எடுத்து, விலையைக் குறைத்து விற்றுவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு முறிந்தது.

"அடுத்தவன் மூளையில பொழைக்கிறவன் திருடன்தான்" என்பது குருமூர்த்தியின் கட்சி. மெடிக்கல் கடை நவ்ஷாத்திடம் இதைச் சொல்லிக்கொண்டேதான் மாதாமாதம் மனைவி பூங்கோதைக்கு மாத்திரை வாங்குவார். அவளுக்கு ரத்தப் புற்றுநோய். மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டதால் அவளும் எல்லாரையும் போலச் சமைத்து, புருஷனோடு சண்டைபோட்டு, பெண்ணாடத்தில் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்வந்துகொண்டிருந்தாள்.

2004 தொடக்கத்தில் நவ்ஷாத் கையை விரித்தான்.

"இனிமே வராதுண்ணே. வெளிநாட்டு கம்பெனிக்குத்தான் விக்கிற உரிமையாம். நாம வாங்குறது காப்பியாம். கோர்ட்டு நிறுத்தச் சொல்லிட்டுது."

"அப்ப அவங்களுதையே குடு."

நவ்ஷாத் விலையைச் சொன்னான். பட்டறையை விற்றாலும் ஒரு வருஷம் தாங்காது. அதே கடையில் நின்று பேசியதெல்லாம் குருமூர்த்திக்கே ஞாபகம் வந்தது. நவ்ஷாத் நல்ல பிள்ளை, எதையும் குத்திக்காட்டவில்லை.

அவளுக்கு வைத்தியம் பார்த்த புதுச்சேரி டாக்டர், அந்த மாத்திரை வருவதற்கு முன் கொடுத்துவந்த பழைய காலத்துக் கேப்ஸ்யூலைக் கொடுத்து ஒப்பேற்றினார். நோய் அதற்கு அடங்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக்கொண்டே போனது. இரண்டு வாய்க்கு மேல் பூங்கோதையால் சாப்பிட முடியவில்லை; வாசல்வரை போனாலே மூச்சு வாங்கியது. அவள் செத்துப்போய்விடுவாளோ என்ற பயம் குருமூர்த்தியை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

2006 ஜனவரி கடைசியில் நவ்ஷாத் வீட்டுக்கே ஓடிவந்தான்.

"சென்னையில காப்புரிமை ஆபீஸுல அந்த வெளிநாட்டு கம்பெனி மனுவத் தள்ளிட்டாங்கண்ணே! ஏற்கெனவே இருக்கிற மருந்தையே கொஞ்சம் மாத்தி, புதுசுன்னு கேக்குறீங்கன்னு சொல்லிட்டாங்களாம். அந்த விக்கிற உரிமையும் போச்சு, நம்ம மாத்திரை திரும்ப வருது."

குருமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரியாச் சொன்னாங்க! கொஞ்சம் மாத்திட்டா புதுசாயிடுமா?"

கட்டிலில் படுத்திருந்த பூங்கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊரே செஞ்ச யானைக்குத் தும்பிக்கைய மட்டுந்தானே நீங்க தூக்கி வுட்டீங்க?"

நவ்ஷாத் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் சக்கரபாணி எதிரே வந்தபோது குருமூர்த்தி முறைக்காமல் போனார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மாத்திரை வந்தது. கோடை வெயில் ஏறுவதற்குள் வீக்கம் வற்றி, பூங்கோதை தானே கடைக்கு நடந்து போகுமளவுக்குத் தேறிவிட்டாள். குருமூர்த்தியும் பின்னாலேயே போனார். மாத்திரை அட்டையை எடுத்து வைத்த நவ்ஷாத் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"கம்பெனி விடறதா இல்லக்கா. மறுபடி கோர்ட்டுக்குப் போறாங்களாம். அது முடியிற வரைக்கும் மாத்திரை வரும், எப்ப முடியுமோ தெரியல."

பூங்கோதை அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கேஸு நல்லா நடக்கட்டும் தம்பி. அது நடக்குற வரைக்கும் நானும் நடப்பேன்ல."