நகக்கண் மண்

மூன்றாவது கைப்பிடி மண்ணை அள்ளும்போது கஜேந்திரனின் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது.

குழி சிறியது. தோட்டத்துத் தச்சர் அவசரமாகச் செய்து தந்த பெட்டியும் சிறியது. ஒரே ஆள் இரண்டு கையில் ஏந்தி வரலாம். ஏந்தி வந்தவனும் அவன்தான். தப்பு மேளம் அடிக்கவில்லை. பிறந்து இரண்டே நாளான பிள்ளைக்குத் தப்பு அடிக்கும் வழக்கம் தோட்டத்து லய வீடுகளில் இல்லை. கடைசி வரிசைத் தேயிலைக்குக் கீழே, ஓடைக்கரையில், மழைத் தூறலில் நாலைந்து பேர் நின்றார்கள். குடை பிடித்திருந்த அக்கா நாகலெட்சுமி முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். ஒரு வாரத்து இருமல்.

கையிலிருந்த மண்ணைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

"பேபி அப்பா தானே? நான் வார்ட் மிஸ்ஸி. கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

அதற்குள் சிக்னல் போய்விட்டது.

"யாருடா?"

"ஆஸ்பத்திரி."

கஜேந்திரன் மிச்ச மண்ணைக் கையாலேயே தள்ளி மூடினான். மண்வெட்டியை யாரோ நீட்டியதை அவன் பார்க்கவே இல்லை.

பிறந்த இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் பெண்கள். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் நாலு நிமிட வித்தியாசம். திங்கட்கிழமை கிளினிக்குப் போன இடத்தில் அவன் மனைவி வினோதாவுக்குப் பிரஷர் ஏறி வலிப்பு வந்தது. மாதம் நிறைய இன்னும் எட்டு வாரம் இருந்தது. கந்தப்பளை வளைவுகளில் ஆம்புலன்ஸ் திரும்பும்போதெல்லாம் அவள் தலை சரியாமல் அவன் தன் மடியில் பிடித்துக்கொண்டான். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெரியவள் ஒரு கிலோ நூறு கிராம், சின்னவள் ஒரு கிலோ முந்நூறு. இன்று விடிகிற நேரத்தில் பெரியவள் போய்விட்டாள். மருந்து மயக்கத்தில் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்த வினோதாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

"பீலித் தண்ணியில தலைய நனைச்சிட்டுப் போ" என்றாள் அக்கா.

"மழையே நனைச்சிருச்சுக்கா. விடு."

ரோட்டில் நின்ற ஆட்டோவில் அவன் ஏறியதும் அவளும் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கு வர்ற?"

"நீ உள்ள போகப்படாது, அதுக்குத்தான். மண்ணு தள்ளுன கை. மூணு நாளைக்குப் பச்சப்புள்ள பக்கமே போகப்படாதுடா. என்னன்னு நான் போய்க் கேக்குறேன். நீ வாசல்ல நில்லு."

ஆட்டோ குலுங்கி ஏறியது. அவனுடைய பயம் அக்காவின் பயத்தைவிட ஒரு நாள் மூத்தது. அதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

வார்டு வாசலில், போனில் பேசிய நர்ஸ் மிஸ்ஸி கிட்டத்தட்டச் சிரித்த முகத்தோடுதான் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனால் மூச்சுவிட முடிந்தது.

"பேபி இருக்கு. பயம் வேணாம்" என்றாள். சிங்களம் கலந்த தமிழ் அவளுடையது. "ஆனா காலையில நீங்க போன பிறகு மூணு தடவ மூச்சு நின்னுச்சு. குட்டி பேபிதானே, மூச்செடுக்க மறந்து போகுது. நாங்க காலைத் தட்டினா திரும்ப எடுக்குது. டொக்டர் சொன்னாரு, அம்மா நெஞ்சுல வெறும் உடம்போட வைக்கச் சொல்லி. அம்மாவுக்கு ஏலாது. அதுக்குத்தான் அப்பாவ கூப்பிட்டது."

"கண்ணாடிப் பெட்டியத் திறந்து வெளிய எடுப்பீங்களா?"

"ஆமா."

அவன் ஓரடி பின்னால் போனான். ஏழு வருஷமாகத் தேயிலை நாற்று வளர்க்கும் தவரணையில் வேலை. கூடையிலும் பையிலும் நட்ட தேயிலைக் கன்றுகளைப் பொலித்தீனால் மூடி வைப்பார்கள். வேர் பிடிக்கும்வரை அதைத் திறந்தால் கன்று வாடிவிடும். திறந்தவனுக்குக் கங்காணியிடம் ஏச்சு. அப்படிப் பழகியவனிடம் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கப் போகிறேன் என்கிறாள்.

"நான் வச்சுக்கிறேன் மிஸ்ஸி" என்று அக்கா முன்னால் வந்தாள். "நானும் ரெண்டு பெத்தவதான். இவன் வேணாம். இவன் இப்பதான்..."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. மிஸ்ஸி கையை நீட்டித் தடுத்தாள்.

"அம்மா, நீங்க இந்தக் கதவத் தாண்டவே வேணாம். இந்த இருமல் பேபிக்கு வந்தா முடிஞ்சுது." பிறகு அவனைப் பார்த்தாள். "கையை முழங்கை வரைக்கும் கழுவுங்க. நகம் சுத்தமா இருக்கணும். உடம்பு நனைஞ்சிருக்கு, தொடச்சிட்டு சூடா ஒரு டீ குடிங்க. பத்து நிமிஷம்."

அவள் உள்ளே போனாள்.

கஜேந்திரன் கதவுக்கு வெளியே இருந்த கழுவும் தொட்டியின் முன்னால் நின்றான். குழாயைத் திறக்கவில்லை. பத்து நகங்களிலும் கறுப்பாக மண். தவரணைக்காரனுக்கு நகத்தில் மண் இருப்பது புதிதல்ல.

"அக்கா."

"சொல்லு."

"நேத்து பின்னேரம் பெட்டியில இருக்குற ஓட்டை வழியா விரல விட்டுப் பெரியவ கால தொட்டேன். சும்மா, ஒரு தடவதான். கால இழுத்துக்கிட்டா." தன் நகங்களைப் பார்த்தான். "விடிஞ்சா இல்ல."

தொட்டிக்குள் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாகலெட்சுமி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்ப அவ அப்பன் கை படாமப் போகலடா" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் தோளில் முந்தானையைக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"குடு கைய."

குழாயைத் திறந்து, அவன் வலது கையைத் தண்ணீருக்கடியில் இழுத்துப் பிடித்தாள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். ஊக்கின் முனையால் ஒவ்வொரு நகக்கண்ணிலும் இருந்த மண்ணைக் கிளறி எடுத்தாள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். வலிக்கவில்லை. மண் தண்ணீரில் கரைந்து வெள்ளைத் தொட்டியில் பழுப்புக் கோடாக ஓடியது. இருவரும் அது போவதையே பார்த்தார்கள்.

"அந்தக் கையையும் குடு."

"மூணு நாளுன்னியே?"

"பேசாம நில்லுடா, ஊக்கு குத்திரும்."

உள்ளே மிஸ்ஸி நாற்காலியைச் சாய்த்துப் போட்டு வைத்திருந்தாள். டீயைக் குடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தான். அவன் நெஞ்சைப் பார்த்த மிஸ்ஸி சிரித்துவிட்டாள்.

"அப்பா ஸ்வெட்டர் போட்டுத்தான் பொறந்திருக்காரு."

"சின்னதுல கரடின்னுதான் கூப்பிடுவோம்" என்றாள் அக்கா, பாதி திறந்த கதவுக்கு வெளியிலிருந்து.

பெட்டி திறந்தது. குழாயும் வயருமாகச் சின்னவளைத் தூக்கி அவன் நெஞ்சில் குப்புற வைத்தார்கள். மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டினார்கள். எடையே தெரியவில்லை. நனைந்த இலை ஒன்று ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் வைத்திருந்தான். மிஸ்ஸி அந்தக் கையைப் பிடித்துப் பிள்ளையின் முதுகில் வைத்தாள். முதுகு முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

"நீங்க மூச்செடுங்க. அது கேட்டு எடுக்கும்."

அவன் மூச்செடுத்தான். இவ்வளவு நாள் யோசிக்காமல் செய்த வேலையை முதல்முறையாகக் கவனித்துச் செய்தான். அரைமணி நேரம் கழித்து, மூச்சைக் கவனிக்கும் மெஷின் ஒரு தடவை சத்தம் போட்டது. மிஸ்ஸி எழுந்து வருவதற்குள் அவன் நெஞ்சு தன்னையறியாமல் ஆழமாக ஏறி இறங்கியது. பிள்ளையும் சின்னதாக ஒரு விம்மலோடு இழுத்தது. சத்தம் நின்றது. அதன் பிறகு வரவில்லை. ஒரு மணித்தியாலம் போனதும் மிஸ்ஸி சூடு பார்த்து, தாளில் எழுதி, "நல்லம்" என்றாள். அந்த ஒரே சொல்லோடு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

கதவிடுக்கில் அக்காவின் முகம் தெரிந்தது.

"தம்பி, வினோதா நல்லா முழிச்சிட்டாளாம். ஒன்னையக் கேக்குறாளாம்."

அவன் குனிந்து பார்த்தான். ஐந்து விரல்களும் அவன் நெஞ்சு முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தன.

"நான் இப்ப எந்திரிக்க ஏலாதுக்கா."

"நான் போய் என்னடா சொல்ல?"

"பெரியவளப் பத்தி நானே வந்து சொல்றேன்." முதுகிலிருந்த கையை அவன் எடுக்கவில்லை. "சின்னவ என் மேல தூங்குறா, அதான் வரலன்னு மட்டும் சொல்லு."

நாகலெட்சுமி தலையை ஆட்டினாள். ஊக்கு தொட்டியின் விளிம்பிலேயே கிடந்ததால் முந்தானை தோளில் நிற்காமல் சரிந்தது. அதை அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு, வாயை இறுகப் பொத்தியபடி வராந்தாவில் நடந்தாள். அவள் படிக்கட்டு திரும்பிக் கீழே இறங்கிய பிறகுதான், இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த இருமல் தூரத்தில் கேட்டது.