செப்புத் தகட்டில் என் முகம்

என் புருஷன் ஜெர்சன் பெல்ட்டின் பித்தளைக் கொக்கியால் என் முகத்தில் அடித்த மறுநாள்தான் ஷைனா எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தாள். ஓவியக்காரி. கொழுந்து பறிக்கிறவர்களின் முகங்களை வரைகிறாளாம். காகிதத்தில் அல்ல, மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, ஆசிட்டில் முக்கி, பிறகு அச்செடுப்பாளாம்.

"காயத்தை விட்டுடட்டுங்களாக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கு விடோணும்? அப்படியே கீறும்மா" என்றேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

அன்றைக்கே ஜெகதளாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். ஜெர்சன் எங்கள் சபையில் பாட்டுக்குழுத் தலைவன். "தேயிலைக் காட்டுல வழுக்கி உழுந்துட்டாளுங்கய்யா" என்று போதகர் சில்வஸ்டரிடம் ஒரே சாதிப்பு. அவரும் நம்பிவிட்டார். ஒரு மாதம் போனதும், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என்னை அவனோடு அனுப்பிவைப்பதென்று முடிவு செய்தார். போனால் கொன்றே போடுவான், எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தின நாள் குன்னூர் மியூசியத்தில் ஷைனாவின் படங்களை மாட்டினார்கள். அவள் கூப்பிட்டதால் நானும் போனேன். என் படத்துக்கு முன்னால் நல்ல கூட்டம். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போதகரை இழுத்துக்கொண்டு ஜெர்சன் வந்துவிட்டான்.

"பாருங்கய்யா, என்ன துணிச்சல் இந்த நாய்க்கு!" என்று படத்தில் ஓங்கிக் குத்தினான். கண்ணாடி நொறுங்கி, படம் சட்டத்தோடு கீழே விழுந்தது. அவன் கையில் ரத்தம் வழிந்தது.

"உள்ளதைத்தானே போட்டிருக்குது?" என்றேன்.

"உள்ளதா? அத்தனையும் பொய்யிங்கய்யா! காயத்தை இடது கன்னத்துல போட்டிருக்கா. நான் அடிச்சது வலது பக்கமுங்க!"

அடக் கடவுளே! இப்படியும் ஒருத்தன் தானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானா?

"தகட்டுல வரைஞ்சு அச்செடுத்தா இடம் வலம் மாறித்தாங்க விழும்" என்றாள் ஷைனா. "இங்க இருக்கற எல்லாப் படமும் அப்படித்தான்."

அடித்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. என் கொண்டையைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். ஒரு முறை. மறுபடியும். உதடு கிழிந்தது. அவன் பிடியிலேயே குனிந்து, கீழே கிடந்த படச் சட்டத்தை எடுத்து, அவன் மணிக்கட்டில் பலம் கொண்டமட்டும் அடித்தேன். அலறிக்கொண்டு கொண்டையை விட்டான். காவலாளிகள் அவனைத் தரையில் அமுக்கினார்கள்.

போதகர் என்னருகே வந்தார். "தபித்தாள், வெளிய போய்ப் பேசிக்கலாம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்கய்யா" என்றேன். வாயெல்லாம் ரத்தம். "நீங்க காதால கேட்டீங்கல்ல? ஸ்டேஷனுக்கு நடங்க. கேட்டதை அங்க வந்து சொல்லுங்க."