அந்தப் பக்கத்து சர்வர்

நோவி சாத் நகரில் ஓர் ஆஸ்பத்திரி. காலை பத்தரை மணிக்குக் கணினி அறையில், பட்டியல்களைப் பராமரிக்கும் யாஸ்னா திரை திரையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்த வங்கியின் பட்டியல் எந்தத் திரையிலும் திறக்கவில்லை. எந்த ரத்தப் பை யாருக்குப் பொருந்தும் என்று பட்டியல் சொல்லாமல் ஒரு பையும் வெளியே வராது. மாடியில், பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

போனில் பிரசவ வார்டு நர்ஸ் கோர்தனா கத்தினாள்.

"என்னடி பண்ற அங்க, காபி குடிக்கிறியா? அவசரத்துக்கு வச்சிருந்த ரெண்டு பையையும் ஏத்தியாச்சு!"

"அந்தப் பக்கத்து சர்வர் பதில் சொல்ல மாட்டேங்குது சிஸ்டர். ரெண்டே நிமிஷம்."

இதையே மூன்றாவது முறையாகச் சொல்கிறாள். பைகளின் எண்களை மாற்றுவதற்காகப் பட்டியலைப் பூட்டியவள் அவள்தான். பழைய எண்ணை அந்தப் பக்கத்தில் இருக்கும் பழைய சர்வரிடம் கேட்டுச் சரிபார்த்ததும் பூட்டு தானே திறந்துவிடும், ஒரு நிமிட வேலை. பதில்தான் வரவில்லை. வேலையை நிறுத்தக் கட்டளை கொடுத்தாள், அது நிற்கவும் இல்லை. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் நெபோய்ஷாவைக் கூப்பிட்டாள்.

"பழைய சர்வர் செத்துப்போச்சாடா?"

"செத்து நாலு மாசம் ஆச்சு. கழட்டி மூலையில போட்டுட்டேன்."

"அப்ப அந்த இணைப்பு எங்க போகுது?"

"பழைய அறிக்கையெல்லாம் ஓடணுமேன்னு பேரை மட்டும் விட்டு வச்சேன். அந்தப் பேர்ல எது கேட்டாலும் சுத்தி நம்ம சர்வருக்கே வருது. எப்பவும் அப்படித்தானே பண்றோம்?"

அப்படித்தான் பண்ணுவார்கள். செத்தவரின் பெயர்ப் பலகையைக் கதவிலிருந்து எடுக்க இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது, சர்வருக்கும் அதே மரியாதை. யாஸ்னாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வாசல் வழியாக வெளியே போன அவள் கேள்வி, தெருவைச் சுற்றி வந்து, அவளே பூட்டிய கதவின் முன் யாரோ அந்நியரைப் போல நிற்கிறது. பதில் வந்தால்தான் பூட்டு திறக்கும், பூட்டு திறந்தால்தான் பதில் வரும். யுகம் முடிந்தாலும் முடியாது.

காத்திருப்போர் வரிசையைத் திறந்தாள். முதலில் அவள் பெயர், சுற்றி வந்த அதே கேள்வி. அதன் பின்னால் பிரசவ வார்டு. தன் பெயரை வெட்டி எறிந்தாள். பதிலுக்குக் காத்திருந்த வேலை அறுந்து பூட்டு விட்டது, பட்டியல் திறந்தது.

எட்டு நிமிடம் கழித்து கோர்தனா கூப்பிட்டாள்.

"பை வந்துடுச்சு. அந்தப் பக்கத்துல தூங்கினவன் எவன்? பேரைச் சொல்லு, புகார்ல எழுதணும்."

"அந்தப் பக்கம்னு ஒண்ணே இல்ல சிஸ்டர். நான்தான். என் பேரை எழுதுங்க." உடனே கேட்டாள்: "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"இப்பதான் ஏறுது. இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது."

கோர்தனா போனை மேசைமேல் வைத்துவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. யாஸ்னா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.