பிளிசெட்டின் இடக்கை

எவரார்ட் பிளிசெட் தன் காலத்தில் மூன்று போர்க்கப்பல்களுக்குத் தலைமை தாங்கினான். மூன்றும் சுண்டைக்காய்க் கப்பல்கள். முதலாவதை நல்ல வெயிலில் மணல்திட்டில் ஏற்றிவிட்டு வரைபடம் தப்பு என்றான். இரண்டாவதில் பன்னிரண்டு வணிகக் கப்பல்களுக்குக் காவல் போய், ஒன்பதோடு திரும்பி, மூடுபனி என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மூன்றாவது எங்கள் 'ட்வைட்'. கட்டளை அவனுடையது, கப்பலை ஓட்டும் வேலை என்னுடையது. முகத்துக்கு நேரே அவனை 'சார்' என்றுதான் சொல்வேன். இங்கே எதற்கு?

சின்னக் கப்பலில் இருப்பவனையும் கேப்டன் என்றே கூப்பிடுவோம். அது வாய் மரியாதை. உண்மையான கேப்டன் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் மேலே உள்ளவர்கள் சாகச் சாக, தூங்கிக்கொண்டிருந்தாலும் ஒருநாள் அட்மிரல்தான். பிளிசெட் ஏங்கியது அதற்கே. ஏறுவதற்கு ஒரு சண்டை வேண்டும், அதைப் பற்றிக் கடிதம் வேண்டும். லண்டனில் அந்தக் கடிதத்தைப் பிரிப்பவர்கள் முதலில் பார்ப்பது செத்தவர், காயம்பட்டவர் பட்டியலைத்தான். ரத்தம் அதிகமென்றால் வீரம் அதிகம். எங்கள் கடற்படையின் கணக்கு அது.

பிரான்சின் பிரிட்டனிக் கரையோரம் ஒரு பிரெஞ்சுப் படகு மாட்டியது. ஒயின் பீப்பாய்களும் பொம்மை மாதிரி நாலு பீரங்கிகளும் வைத்திருந்தது. அவர்கள் ஒரு முறை சுட்டார்கள், நாங்கள் இரண்டு முறை. சரணடைந்து கொடியை இறக்கிவிட்டார்கள். பிளிசெட் மட்டும் இன்னொரு குண்டு போடச் சொல்லிக் கத்தினான். அவசரத்தில் பீரங்கிக் குழாயை ஈரத்துணியால் துடைக்கக்கூட விடவில்லை. உள்ளே மிச்சமிருந்த பொறியில், வெடிமருந்தைத் திணிக்கும்போதே பற்றிக்கொண்டது. திணித்துக்கொண்டிருந்த மாலுமி ஜேபஸ் கிட்டோவின் வலது கை மணிக்கட்டோடு போனது. பிளிசெட்டின் இடது கையிலும் ஒரு மரச்சிராய் கீறியிருந்தது. பூனை பிறாண்டினால் அதைவிட ஆழமாக இருக்கும்.

சாயங்காலம் கடிதம் எழுதினான். சண்டை நடந்த இடத்தைக் குறித்துக் கொடுக்க நான் பக்கத்தில் நின்றேன். அரை மணி நேரக் கடும்போராம். காயம்பட்டவர் பட்டியலில் கிட்டோ இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது நம்ம பீரங்கி வெடிச்சது, ஹானஃபோர்ட். அதை எழுதினா ஏன் வெடிச்சுதுன்னு கேப்பாங்க. விடுங்க."

பட்டியலில் ஒரே பெயர்தான் இருந்தது: கேப்டன் பிளிசெட், இடது கை, படுகாயம், இனிப் பயன்படாது. எங்கள் வைத்தியன் குடிகாரன். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆறு வாரத்தில், பிளிமத் துறைமுகத்தில் இருந்தபோது கேப்டன் பதவி வந்தது. கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கவிட்ட கையோடு மேல்தளத்தில் மயில் மாதிரி உலாவினான். மறுநாளே இன்னொரு கடிதம். முழுக் கேப்டனுக்கு இவ்வளவு சின்னக் கப்பல் தகாது, கை பயன்படாதவருக்குப் பெரிய கப்பல் தர முடியாது, ஆகவே கார்ன்வால் மலைமுகட்டில் கொடியேற்றிச் செய்தி சொல்லும் காவல்குடிலைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. இனி அவனுக்குக் கடல் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

என்னைத் தனியே கூப்பிட்டு, தூளியிலிருந்து கையை எடுத்து விரல்களை மடக்கிக் காட்டினான்.

"பாருங்க, ஆறிடுச்சு. துறைமுக அட்மிரல் உங்க பேச்சை நம்புவார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"சொல்றேன், சார். ஆனா எப்படிப் பட்டது, எவ்வளவு ஆழம்னு கேப்பார். நான் ஆரம்பிச்சா அந்த மூணாவது குண்டு வரைக்கும் சொல்லித்தான் நிறுத்துவேன். போகலாமா?"

கையை மறுபடி தூளிக்குள் வைத்துக்கொண்டான். எனக்குப் பரிதாபம் வரவில்லை.

அவன் இறங்கிப்போன காலையில் வழக்கப்படி ஊதல் ஊதி, எல்லோரும் வரிசையாக நின்றோம். கிட்டோவும் அடுப்படியிலிருந்து வந்தான். கை கால் போன மாலுமியைக் கப்பல் சமையல்காரனாக்குவது எங்கள் வழக்கம். அவனுக்குக் கடல் மிச்சமிருந்தது. பக்கவாட்டு ஏணியில் பிளிசெட் ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துத் தடுமாறினான். இடது கையை நீட்டினால் போதும். முந்நூறு கண்கள் பார்க்கும்போது எப்படி நீட்டுவது? கிட்டோ குனிந்து, தன் மிச்சக் கையால் அவன் தோளைத் தாங்கிக்கொண்டான்.

"மெதுவா, சார்," என்றான். "ஒத்தக் கையில இறங்குறது முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். சாகுற வரைக்கும் இருக்கப்போறதுதானே, பழகிடும்."