பால்கோவா டப்பா ஏலம்

அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை காலையில், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தங்கபாய் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா உதட்டுச் சிரிப்பு இல்லை, பல் அத்தனையும் தெரிகிற சிரிப்பு. அதில் முன்பல் நாலும் புதுசு. அறுபத்துமூன்று வயதுக்காரிக்கு இம்புட்டுச் சந்தோஷம் ஆகாது என்று எவராவது சொன்னால், அவருக்கு இன்னும் முன்பல் விழவில்லை என்று அர்த்தம்.

"ஏட்டி, உள்ள என்ன பண்ணுத? மொத மணி அடிச்சாச்சு" என்று வெளியே புருஷன் ஐயாதுரை சத்தம் போட்டார்.

"செத்த நேரம் பொறுங்க, வாரேன்."

பல்செட்டைக் கழற்றினாள். டாக்டர் கொடுத்த சின்னப் பெட்டியில் அதை வைத்து, அந்தப் பெட்டியைக் காலி பால்கோவா டப்பா ஒன்றுக்குள் போட்டு, சுற்றி டேப் ஒட்டினாள். கதவைத் திறந்தபோது வழக்கம்போல முந்தானை வாய்க்கு வந்துவிட்டது.

அந்த முந்தானை இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்த தங்கபாயை ராஜபாளையத்துச் சபையார் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்பின்னிங் மில்லில் மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழுத்த குரல். அறுப்பின் பண்டிகையில் சபையார் கோயிலுக்குக் கொடுக்கிற காணிக்கையை ஏலம் போடுவது என்றால் தங்கபாய்தான். ஒரு பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்து அவள் சொல்கிற சொல்லில், வீட்டில் நாலு பூசணிக்காய் கிடக்கிறவன்கூடக் கை தூக்கிவிடுவான்.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். சொல் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பல் விழுந்த வருஷம் ஏலத்துக்கு முன்னால் அதே சபைப் பொன்மணி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா இப்ப ஏலம் போட்டா மொத வரிசைக்குக் குடை குடுக்கணும்" என்று சொல்லிவிட்டாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். தங்கபாயும் கூடச் சேர்ந்து சிரித்தாள், கையால் வாயை மூடிக்கொண்டு. அன்றைக்கு மைக் பொன்மணி கைக்குப் போனது. அதோடு தங்கபாய் கல்யாண வீட்டில் முன்னால் உட்காருவதை விட்டாள், போட்டோவுக்கு நிற்பதை விட்டாள், நல்ல சேலை எடுப்பதையும் விட்டாள்.

புருஷனிடம் ஒருநாள் பல் கட்டுகிற பேச்சை எடுத்தாள். "இந்த வயசுல பல்லைக் கட்டி யாரை மயக்கப் போற?" என்று ஐயாதுரை பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை, நாக்குதான் அப்படி. தங்கபாய் அதோடு பேச்சை விட்டாள். அக்கா மகள் விஜியைப் பார்க்கப் போகிறேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். ராஜபாளையத்தில் பல் டாக்டருக்குப் பஞ்சமா என்ன? ஆனால் இங்கே காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் ஊருக்கே தெரிந்துவிடும். போய்ப் போய் வந்து, அளவு கொடுத்து, ராவி, மாட்டி, ஒருவழியாகப் பல் வந்து சேர்ந்தது. அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, அவர் இல்லாத நேரமெல்லாம் மாட்டிப் பேசிப் பழகினாள்.

திட்டம் இதுதான். ஏலம் தொடங்கும் வரை பல் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. தொடங்குகிற நேரத்தில் கோயிலுக்குப் பின்னால் குழாயடிக்குப் போய்ப் பல்லை மாட்டிக்கொண்டு, புது மெரூன் சேலையும் தலைநிறையப் பூவுமாக நேரே நடந்து வந்து மைக்கைக் கேட்க வேண்டும். டப்பாவைக் கைப்பையில் வைக்க முடியாது. தன் சுகர் மாத்திரைக்கு ஐயாதுரை அந்தப் பையைத்தான் துழாவுவார். அதனால் காணிக்கைக் கூடையில் முருங்கைக்காய்க்கு அடியில் சொருகினாள். கோயில் வாசலில் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

வாசலில் ஆல்வின் நின்றிருந்தான். வாலிபர் சங்கத்துச் செயலாளர், சுறுசுறுப்புக்குப் பெயர்போனவன். "குடுங்க பெரியம்மா, நான் கொண்டுபோறேன்" என்று ஒரு கையில் கூடையையும் மறு கையில் அவர்கள் காணிக்கைக்குக் கொண்டுவந்த சேவலையும் வாங்கிக்கொண்டு, அவள் வாயிலிருந்து முந்தானையை எடுப்பதற்குள் காணிக்கை மேஜைக்குப் போய்விட்டான்.

அந்தச் சபையில் ஒரு முறை உண்டு. மேஜையில் ஏறியது கர்த்தருக்கு. கொண்டுவந்தவர்கூடத் திருப்பி எடுக்கக் கூடாது, வேண்டுமானால் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். அதுவும் மூடியிருக்கிற பொருளை ஏலம் எடுத்தவர், எல்லோர் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும். தின்பண்டம் என்றால் அங்கேயே ஆளுக்கொரு வாய். அன்றைக்குக் குருவானவர் என்ன பிரசங்கம் செய்தார் என்று இன்றைக்குக் கேட்டாலும் தங்கபாய்க்குத் தெரியாது.

ஆராதனை முடிந்து, கோயில் வளாகத்தில் ஏலம் தொடங்கியது. முருங்கைக்காய் போனது, வாழைத்தார் போனது. பிறகு பொன்மணி டப்பாவைத் தூக்கி ஆட்டினாள். கடகடவென்று சத்தம் கேட்டது.

"தங்கபாய் அக்கா காணிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. சத்தத்தைப் பாத்தா காஞ்சு போச்சு போல" என்று பொன்மணி சொல்ல, கூட்டம் சிரித்தது.

எழுந்து போய்ப் பொன்மணி காதில் சொல்லலாம். சொன்னால் அது அடுத்த நிமிஷம் மைக்கில் வரும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி தங்கபாய் உட்கார்ந்திருந்தாள். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து, "நூறு" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் ஐயாதுரை. முகம் கறுத்துப்போயிருந்தது. பொண்டாட்டி மாசக்கணக்கில் தனக்குத் தெரியாமல் பால்கோவா வாங்கித் தின்றிருக்கிறாள் என்று மனுஷர் முடிவு கட்டிவிட்டார்.

"நூறு. ஒரு தரம்" என்றாள் பொன்மணி.

அந்த மனுஷர் கையில் டப்பா போனால் இங்கேயே திறப்பார். திறந்து தூக்கிப் பிடித்து, என்னட்டி இது என்று கேட்பார்.

"ரெண்டு தரம்."

ஆனது ஆகட்டும் என்று தங்கபாய் எழுந்தாள். "இருநூறு."

கோயில் வளாகத்துக் காக்கைகள் பறந்தன. அந்தக் குரலைச் சபை கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முந்தானை எப்போது நழுவியது என்று அவளுக்கே தெரியாது.

"முந்நூறு" என்றார் ஐயாதுரை வீம்பாக.

"ஐநூறு. சுகர் இருக்க மனுஷனுக்குப் பால்கோவா கேக்குதாக்கும்?"

சபை கொல்லென்று சிரித்தது. "விடாதீங்க அக்கா" என்று பெண்கள் பக்கத்தில் கைதட்டினார்கள். "நானும் பென்ஷன் வாங்குதவன்தாம்ட்டி, அறுநூறு" என்றார் ஐயாதுரை. "அந்த பென்ஷன் ஏடிஎம் கார்டு என் கையிலதான் இருக்கு, ஆயிரம்" என்றாள் தங்கபாய். கிழவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். ஐயாதுரை உட்கார்ந்தார். மூணு தரம் சொல்லும்போது பொன்மணியே சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கை நழுவவிடப் பார்த்தாள்.

முன்னால் நடந்து போகும்போதுதான் தங்கபாய்க்கு உறைத்தது. இத்தனை நேரமும் பொக்கை வாயைப் பப்பரப்பா என்று திறந்து கத்தியிருக்கிறோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முதல் வரிசையிலேயே கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"தொறங்க அக்கா, ஆளுக்கொரு வாய்" என்றாள் பொன்மணி.

முறையையும் மீறி, மாட்டேன் என்று டப்பாவை இடுப்பில் சொருகிக்கொண்டு போயிருக்கலாம். தங்கபாய் போகவில்லை. டேப்பைக் கிழித்தாள். சின்னப் பெட்டியைத் திறந்து, பல்செட்டை எடுத்து, சபைக்கு முதுகைக் காட்டாமல், அத்தனை பேரும் பார்க்க வாயில் மாட்டினாள். நிமிர்ந்து, அறுப்பின் பண்டிகைக்கென்று வைத்திருந்த சிரிப்பு முழுவதையும் சிரித்தாள்.

பொன்மணி மெதுவாக, "அக்கா, அழகா இருக்கீங்க" என்றாள். அதில் கேலி இல்லை.

ஐயாதுரை எழுந்து நின்றார். "ஏட்டி, பல்லே இல்லாமத்தான் இம்புட்டு நேரம் ஊரையே தூக்கிட்டியே. பொறவு எதுக்கு இது?"

"அது ஊருக்கு" என்றாள் தங்கபாய். "இது எனக்கு."

பொன்மணி மைக்கை நீட்டினாள். தங்கபாய் அதை வாங்கிக்கொண்டு, மேஜைக்கு அடியில் கட்டிக் கிடந்த தன் வீட்டுச் சேவலை மறு கையில் தூக்கிப் பிடித்தாள். "அடுத்தது சேவல்" என்றாள். "நல்லா பாத்துக் கேளுங்க."

எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.